பெயருக்கும் ஒரு பட்டா

தமிழ்நாட்டுச் சிறு வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சிறு வணிகப் பெருமக்களுக்கு,

"எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை" என்ற வரி உங்களில் பலருடைய கடை வாசலில் சிவப்பு எழுத்தில் தொங்குகிறது. பாக்கெட் போட்டு விற்பவர்கள் "போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்" என்று கவரின் பின்பக்கம் அச்சடிக்கிறீர்கள். சிலர் கடையைத் தொடங்கிய தாத்தாவின் படத்தையும் சேர்த்துப் போடுகிறீர்கள். இந்த வரிகளை யாரும் ஆசைப்பட்டு எழுதுவதில்லை. முப்பது நாற்பது வருடம் அடுப்படியில் நின்று சம்பாதித்த பெயரை யாரோ ஒருவர் ஒரே இரவில் தன் போர்டில் எழுதிக்கொண்ட பிறகு, வேறு வழி தெரியாமல் எழுதுகிறீர்கள். அந்த வேதனை நியாயமானது. ஆனால் அந்தப் போர்டு வாடிக்கையாளரிடம் வைக்கும் வேண்டுகோள் மட்டும்தான். பெயரை எடுத்தவரை அது எந்த விதத்திலும் தடுக்காது. அடுத்த தெருக்காரர் அதே வரியை, அதே சிவப்பில், தன் கடையிலும் எழுதிக்கொள்வார். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு எது முதல் கடை, எது இரண்டாவது கடை என்று எப்படித் தெரியும்?

நிலம் வாங்கும்போது நீங்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள் என்பது ஊருக்கே தெரியும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறீர்கள், மூலப் பத்திரம் கேட்கிறீர்கள், பத்திரம் பதிந்த கையோடு பட்டா மாற்ற அலைகிறீர்கள். நான்கு சென்ட் மனைக்கு இத்தனை பாடு. அந்த மனையில் நிற்கும் கடையின் பெயருக்கு மட்டும் எதுவும் கிடையாது. பெயர் நம்முடையதுதானே, ஊருக்கே தெரியுமே என்று விட்டுவிடுகிறீர்கள். ஊருக்குத் தெரிந்தது நீதிமன்றத்துக்குத் தெரியாது. அங்கே ஒவ்வொன்றையும் காட்டியாக வேண்டும். டிரேட்மார்க் என்னும் வணிகச் சின்னப் பதிவு இல்லாத பெயருக்கும் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்தப் பெயர் உங்களுடையது என்று நிரூபிக்கும் சுமையை முழுக்க உங்கள் தோளில் ஏற்றிவிடுகிறது. பதிவு செய்தால் அந்தச் சுமை பெரும்பாலும் எதிராளியின் தோளுக்குப் போகிறது. இந்த மடலில் உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான்.

திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு இதற்கு நல்ல சான்று. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் சில மணி நேரமே திறந்திருக்கும் அந்தக் கடைக்கு அப்படி ஒரு பெயரை விளம்பரக் கம்பெனி எதுவும் வைக்கவில்லை. மங்கலான ஒற்றை விளக்கில் வியாபாரம் நடந்ததால் சனங்கள் வாயிலிருந்து வந்த பெயர் அது. 1900-ம் ஆண்டு தொடங்கிய தொழில் என்று வழக்கில் சொல்லப்பட்டது. இன்னொருவர் அந்தப் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்து அல்வா விற்கத் தொடங்கினார், அதற்குப் பதிவும் வாங்கினார். என்னிடமும் பதிவு இருக்கிறது, ஒரு பதிவுதாரர் மேல் இன்னொரு பதிவுதாரர் வழக்குப் போட முடியாது என்பது அவர் வாதம். சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருப்பதும் உண்மைதான். வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 மார்ச்சில் முடிந்தது. பதிவுக்கும் மேலானது முதலில் பயன்படுத்தியவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நில வழக்கு மொழியில் சொன்னால், பட்டாவை அனுபவம் வென்றது.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் பதிவே தேவையில்லையே, பழைய கடை என்றால் போதுமே" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இது வலுவான ஆட்சேபம். வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-ன் 34-வது பிரிவும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. ஒருவர் பதிவு செய்வதற்கும், அவர் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதற்கும் முன்பிருந்தே நீங்கள் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தால், அவருடைய பதிவைக் காட்டி உங்களைத் தடுக்க முடியாது. ஆனால் அந்த வெற்றிக்கு என்ன விலை என்று பாருங்கள். மூன்று நீதிமன்றங்கள். திருநெல்வேலிக்கு வருகிற எவரும் விசாரித்துத் தேடிப் போகிற கடைக்கே அத்தனை படிகள் ஏற வேண்டியிருந்தது. பதிவில்லாமல் வழக்குப் போடுகிறவர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். தன் பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது, எதிராளி தன் சரக்கை இவருடைய சரக்கு என்று நம்பும்படி விற்கிறார், அதனால் இவருக்கு நஷ்டம் வருகிறது. இந்த மூன்றுக்கும் ஆதாரம் வேண்டும். உங்கள் கடைக்கு இருட்டுக்கடையின் புகழ் இருக்கிறதா? ஒரு தாலுகாவுக்குள் மட்டும் தெரிந்த முறுக்கு வியாபாரி, தன் பெயருக்குச் சந்தையில் மதிப்பு உண்டு என்பதை எப்படிக் காட்டுவார்?

பதிவு இருந்தால் இந்தப் படிகளில் பல குறைகின்றன. பதிவுச் சான்றிதழே அந்த உரிமைக்கு முதல்நிலை ஆதாரம். உங்கள் பெயரையோ அதைப் போன்ற பெயரையோ அதே சரக்குக்குக் குழப்பம் வரும்படி இன்னொருவர் பயன்படுத்தினால் அதுவே உரிமை மீறல். உங்கள் புகழைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதே இல்லை. பதிவுபெற்ற சின்னத்துக்கான மீறல் வழக்கை, 134-வது பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். பதிவில்லாமல் போடும் வழக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. விருதுநகரில் மசாலாப் பொடி அரைக்கிறவரின் பெயரை வேறு மாநிலத்தில் ஒருவர் திருடி அங்கேயே விற்றால், பதிவில்லாதவர் வழக்குக்காக அந்த ஊருக்கே போக வேண்டிவரும். கல்லாவில் உட்கார ஆள் இல்லாத கடைக்காரர் வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏற முடியாது. அவர் வழக்கைக் கைவிடுவார். பெயரைத் திருடுகிறவரும் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் திருடுகிறார்.

செலவைச் சொல்லித் தட்டிக்கழிப்பதும் சரியில்லை. 2017-ம் ஆண்டு விதிகளின்படி, தனிநபரும் சிறு நிறுவனமும் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு சரக்கு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பெரிய கம்பெனிகளுக்கு அதுவே 9,000. உத்யம் சான்று வைத்திருக்கும் சிறு நிறுவனம் பாதிக் கட்டணத்தில் போகலாம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும் என்பதால் மாதத்துக்கு 40 ரூபாய்கூட ஆவதில்லை. வக்கீல் அல்லது ஏஜென்ட் கட்டணம் தனி, அதில் பேரம் பேசி விசாரித்துக்கொள்ளுங்கள். சிறு தொழில்களுக்குப் பதிவுச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் அரசுத் திட்டங்களும் உண்டு, மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பதிவு கைக்கு வரச் சற்றுக் காலமாகும் என்பது உண்மை. ஆனால் வந்ததும் விண்ணப்பித்த தேதியிலிருந்தே அது செல்லும். ஆகவே ஒவ்வொரு மாதமும் தள்ளிப் போடுவது எதிராளிக்கு நீங்கள் கொடுக்கும் அவகாசம்தான்.

உங்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பதிவு செய்திருக்கிறோம் என்ற நிம்மதியில் இருக்கிறீர்கள். ஜிஎஸ்டி எண், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், நகராட்சி உரிமம், பங்குதாரர் நிறுவனப் பதிவு, எல்லாம் ஃபைலில் இருக்கின்றன. இவற்றில் எதுவும் பெயரின் மேல் உரிமை தராது. ஜிஎஸ்டி எண் வரி கட்டுகிறவர் யார் என்று சொல்லும், லைசென்ஸ் சமைக்க அனுமதி உண்டு என்று சொல்லும். அதே பெயரில் இன்னொருவரும் ஜிஎஸ்டி எண் வாங்கலாம். ஆனால் அந்தத் தாள்களுக்கு வேறொரு பெரிய உபயோகம் இருக்கிறது. எப்போதிலிருந்து அந்தப் பெயரில் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கு அவை சாட்சி. விண்ணப்பத்தில் பழைய தேதியிலிருந்து உபயோகிப்பதாகச் சொன்னால் பிரமாணப் பத்திரமும் ஆதாரங்களும் கேட்பார்கள். அப்போது கைகொடுப்பது பழைய பில் புத்தகம், லேபிள் அடித்த அச்சகத்தின் ரசீது, கோயில் திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம், லாரி ஆபீஸில் சரக்கு புக் செய்த சீட்டு போன்றவை. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது பழைய தாள்களைக் கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறோமே, அதில் போவது உங்கள் மூலப் பத்திரமாக இருக்கலாம்.

எந்தப் பெயரைப் பதிவது என்பதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 'சுத்தமான நல்லெண்ணெய்', 'ஸ்பெஷல் மதுரை பன் பரோட்டா' என்ற மாதிரிப் பெயர்கள் சரக்கையும் தரத்தையும் ஊரையும் வர்ணிக்கின்றன. இப்படிப்பட்ட சொற்கள் எல்லா வியாபாரிகளுக்கும் பொது. யாராவது ஒருவர் வேலி போட்டுக்கொள்ள 9-வது பிரிவு விடாது. இதில் பெரிய கம்பெனிக்கும் விலக்கு இல்லை. நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா' என்று போட்ட ஐடிசி, 'மேஜிக்கல் மசாலா' என்று போட்ட நெஸ்லேயின் மேல் வழக்குத் தொடர்ந்தது. இரண்டு சொற்களுமே வியாபாரத்தில் புகழ்ச்சிக்காகப் புழங்குகிற பொதுச் சொற்கள், யாரும் ஏகபோகம் கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020-ல் தீர்த்தது. சாமி பெயரையும் யோசித்து வையுங்கள். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைப் பதிய முயன்ற வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தன் சரக்குக்கு உரிமையாக்கிக்கொள்ள முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முருகன் பெயரிலும் விநாயகர் பெயரிலும் கடை வைப்பது நம் வழக்கம், அதை விடச் சொல்லவில்லை. அந்தப் பெயரை மட்டும் நம்பினால் அடுத்த தெருவில் இன்னொரு முருகன் விலாஸ் வருவதைத் தடுப்பது கடினம் என்கிறேன். சாமி பெயரோடு உங்களுடையது என்று மட்டுமே ஆகக்கூடிய ஒரு சொல்லைச் சேருங்கள். சரக்கோடு சம்பந்தமே இல்லாத சொல் என்றால் இன்னும் நல்லது. அதைத் தமிழ் எழுத்திலேயே பதியலாம், உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.

பெயரோடு லேபிளையும் பதியுங்கள். பிஸ்கட் கவர் ஒன்றைப் பற்றிய வழக்கு 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பார்லேயின் குளுகோ பிஸ்கட் கவரில் ஒரு பண்ணை வீட்டு முற்றம், நடுவில் தண்ணீர் வாளியோடு ஒரு பெண், சுற்றிலும் மாடுகளும் கோழிகளும். மைசூர்க் கம்பெனி ஒன்று போட்ட கவரிலும் பண்ணை வீடு, பெண், பசு, கன்று. ஆனால் அந்தப் பெண்ணின் தலையில் புல்கட்டு, கையில் அரிவாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசங்களை எண்ணிவிடலாம். அப்படி வைத்துப் பார்க்கவே கூடாது என்றது நீதிமன்றம். கடைக்கு வருகிறவர் இரண்டு கவரையும் கையில் வைத்துக்கொண்டு வருவதில்லை; முன்பு வாங்கியதன் மங்கலான நினைவோடுதான் வருகிறார். நிறம், அமைப்பு, மொத்தத் தோற்றம் அந்த நினைவோடு ஒத்துப்போனால் அவர் ஏமாறுவார். எழுத்தை ஒன்று மாற்றி, கவரின் மஞ்சளையும் சிவப்பையும் அப்படியே வைத்து விற்கும் அப்பளக்காரரும் மசாலாக்காரரும் நம்பியிருப்பது அந்த மங்கலான நினைவைத்தான். எழுத்தறியாத பாட்டி பொட்டலத்தை நிறம் பார்த்துத்தான் வாங்குகிறார். உங்கள் நிறத்தை நீங்கள் பதியாவிட்டால் அந்தப் பாட்டியின் நம்பிக்கைக்கும் காவல் இல்லை.

"நான் சின்ன ஆள், என் பெயரை யார் திருடப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ருசி பிடித்து, ஊர் பேசி, ஆனால் காவல் இல்லாமல் கிடக்கும் பெயர்தான் திருடுகிறவருக்கு வசதி. பெரிய கம்பெனியின் பெயரைத் தொட்டால் அடுத்த வாரமே நோட்டீஸ் வரும் என்று அவருக்குத் தெரியும். "வாடிக்கையாளர் ருசிக்குத்தான் வருகிறார், பெயருக்கு இல்லை" என்பவர்கள், முதல் தடவை வருகிறவரை மறந்துவிடுகிறார்கள். ருசி தெரிந்த பிறகுதான் ருசிக்கு வருவார்; அதற்கு முன் பெயரைக் கேட்டுத்தான் வருவார். அவரை வழியிலேயே போலிக் கடை மறித்து மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டால், "பேர்தான் பெரிய பேர்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கெட்ட பெயர் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. டிரேட்மார்க் என்பதே பெரிய முதலாளிகளின் ஆயுதம், நோட்டீஸ் விட்டுச் சின்னக் கடைகளை மிரட்டத்தான் அது பயன்படுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பணமும் வக்கீலும் உள்ளவர் பதிவுச் சான்றை உயர்த்திப் பிடித்து, நியாயமாகத் தொழில் செய்கிறவரையும் பயமுறுத்த முடியும். ஆனால் அதற்குப் பதில் பதிவை விட்டு விலகி நிற்பதா? விலகி நின்றால் பதிவேடு முழுவதும் அவர்கள் பெயராகவே இருக்கும். எந்தப் பெயரும் பதிவாகும் முன் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியாகிறது. வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஆன்லைனில் அதற்குக் கட்டணம் 2,700 ரூபாய். மிரட்டல் நோட்டீஸ் ஆதாரமில்லாதது என்றால் அதையே காரணமாக வைத்து வழக்குப் போட 142-வது பிரிவு வழி தருகிறது. பயன்படுத்தாமல் 5 ஆண்டுக்கு மேல் முடக்கி வைத்த பதிவை நீக்கக் கேட்கவும் வழி உண்டு. இந்தக் கதவுகள் எல்லாம் சின்னவர்களுக்கும் திறந்தே இருக்கின்றன.

தெரிந்தும் பேசாமல் இருப்பதற்குச் சட்டம் விலை வைத்திருக்கிறது. 'அம்ருத்தாரா' என்ற மருந்துக்காரர்கள் 'லக்ஷ்மண்தாரா' என்ற பெயரை எதிர்த்தார்கள். இரண்டு பெயர்களும் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தச் சரக்கு சந்தையில் விற்பதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால், உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் விற்க எதிராளிக்கும் பதிவு கிடைத்தது. இன்றைய சட்டத்தில் 5 ஆண்டு என்று கணக்கே இருக்கிறது. பின்னால் வந்தவர் பதிவு செய்து விற்பதைத் தெரிந்துகொண்டே 5 ஆண்டு தொடர்ந்து சும்மா இருந்தால், அவர் கெட்ட எண்ணத்தோடு பதிந்தார் என்று காட்டினாலொழிய, அந்தப் பதிவை நீக்கச் சொல்லும் உரிமை போய்விடும். பங்காளி, சொந்தக்காரர், முன்பு நம் கடையில் வேலை பார்த்த மாஸ்டர் என்ற தாட்சண்யத்தில் விட்டுவைக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பங்காளிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் கடைப் பெயருக்கு மிகப் பெரிய ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. அப்பா இருக்கும்வரை ஒரே கடை. அவர் போன பிறகு அண்ணனுக்குப் பழைய கடை, தம்பிக்குப் புதிய கிளை. பாத்திரம், பண்டம், வீடு, வயல் எல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வரி வரியாக எழுதப்படுகின்றன, பெயர் மட்டும் எழுதப்படுவதில்லை. இருவரும் அதே பெயரில் விற்கிறார்கள். பேரன் காலத்தில் இரண்டு போர்டிலும் 'ஒரிஜினல்' என்று ஏறுகிறது. டிரேட்மார்க் என்பது சொத்து. உயில் எழுதலாம், விற்கலாம், நிபந்தனையோடு அடுத்தவருக்கு உபயோகிக்கக் கொடுக்கலாம். பதிவு யார் பெயரில் இருக்க வேண்டும், பங்குதாரர் ஒருவர் விலகினால் பெயர் யாரோடு போகும் என்பதைச் சண்டை வருவதற்கு முன்பே தாளில் எழுதுங்கள். மனக்கசப்பு வந்த பிறகு அதை எழுத எந்த வக்கீலாலும் முடியாது.

கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, மணப்பாறை முறுக்கு ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே, அது போதாதா என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்கலாம். புவிசார் குறியீடு ஊருக்குப் பொதுவான சொத்து. வேறு ஊரில் செய்ததைக் கோவில்பட்டி மிட்டாய் என்று விற்பதைத் தடுக்கும். ஆனால் கோவில்பட்டிக்குள்ளேயே உங்கள் பெயரை இன்னொரு கோவில்பட்டிக்காரர் எடுத்தால் அது உதவாது. அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டும் வேண்டும்.

மொழிச் சிக்கலையும் மறைக்க விரும்பவில்லை. நமக்கான பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். பதிவு அலுவலகம் அனுப்பும் பரிசோதனை அறிக்கைக்கு ஒரு மாதத்துக்குள் பதில் போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடலாம். எதிர்ப்பு வந்து 2 மாதத்துக்குள் மறுப்பு கொடுக்காவிட்டால் நிச்சயம் கைவிடப்பட்டதாகிவிடும். ஏஜென்டிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு மறந்துபோன எத்தனையோ விண்ணப்பங்கள் இப்படித்தான் சாகின்றன. விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்கி, இணையதளத்தில் நிலவரத்தை நீங்களே அவ்வப்போது பாருங்கள். வீட்டுப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். பதிவு வரும்வரை டி.எம். என்று மட்டும் போடுங்கள். பதிவாகாமல் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடுவது சட்டப்படி தவறு. தமிழில் விண்ணப்பிக்கும் வசதியை உங்கள் சங்கங்கள் மத்திய அரசிடம் உரத்துக் கேட்க வேண்டும். சிறு தொழிலுக்குக் கட்டணத்தைப் பாதியாக்கிவிட்டு, அவர்களுக்குப் புரியாத மொழியில் படிவத்தை நீட்டுவது அரைகுறை உதவி.

வணிகர் சங்க நிர்வாகிகளிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். டிரேட்மார்க் ஜர்னல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இணையத்தில் வெளியாகிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தனிக் கடைக்காரரால் வாராவாரம் அதைப் புரட்ட முடியாது, சங்கத்தால் முடியும். படித்த இளைஞர் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, இனிப்பும் காபியும் மசாலாவும் வருகிற 30-வது வகுப்பு, ஊறுகாயும் எண்ணெயும் வருகிற 29-வது வகுப்பு, ஓட்டல்கள் வருகிற 43-வது வகுப்பு, உங்கள் ஊர்த் தொழிலுக்கு வேண்டிய மற்ற வகுப்புகள், இவற்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். உறுப்பினர் பெயரைப் போன்ற ஒன்று தென்பட்டால் அன்றைக்கே அவருக்குப் போன் போக வேண்டும். அந்தப் போன் கிடைத்தால் 2,700 ரூபாயில் முடிகிற வேலை, தவறினால் நீதிமன்றப் படியில் பல ஆண்டுகள். அடுத்த ஜர்னல் வருகிற திங்கட்கிழமை வெளியாகிறது.

அன்புடன்,
உங்கள் பெயர்களை நம்பிக் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் ஒருவர்